விடுமுறையில் காய்ந்த பாளைகள்

ஒரு பனைமரம் மனிதனுக்காக எத்தனை நாள் காத்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் வெட்கப்படத் தேவையில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியாது. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

மன்னார்த் தீவின் தோட்டவெளியில் இருக்கும் மார்த்தாவுக்கு அது தெரியும். நாற்பத்தாறு வயது. மரம் ஏறியவள் அல்ல, ஏறுபவரின் மனைவி. இருபத்திரண்டு வருடமாகப் பனையின் கீழே நின்று, மேலிருந்து கயிற்றில் இறங்கும் கள்ளு முட்டிகளை வாங்கி, நுரையை ஊதி ஒதுக்கி, பன்னாடையில் வடித்துப் பிளாஸ்டிக் கானில் நிரப்பிக் கொடுத்தவள். பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நேரம் தவறினால் நுனி தடிக்கும். ஒரு நாள் தவறினால் அதில் பொருக்குக் கட்டும். இரண்டாம் நாள் முடியும்போது பாளை காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு சீவினாலும் அந்தப் பருவத்துக்கு அந்த மரம் ஒரு துளி தராது. காய்ச்சலோ, மரண வீடோ, மழையோ, சீவுகிறவர் ஏறியே ஆக வேண்டும். மகள் கிருஷிகா பிறந்த அன்றும் கணவன் அருட்பிரகாசம் மரத்தில்தான் நின்றார். பிள்ளையின் முகம் பார்க்க வந்தபோது அவருடைய கையில் கள்ளு மணத்தது என்று மார்த்தா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவள் கடற்கரைப் பெண். பன்னிரண்டு வயதில், தொண்ணூறாம் ஆண்டு, போருக்குத் தப்பித் தகப்பனின் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனாள். பத்து வருடத்துக்கு மேல் மண்டபம் அகதி முகாமில் இருந்தாள். திரும்பி வந்தபோது தகப்பனுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. அருட்பிரகாசத்தைக் கட்டியபோது அவளுடைய சொந்தக்காரர் சிலர் கலியாணத்துக்கு வரவில்லை. மாப்பிள்ளை கள்ளுச் சீவுகிறவராம். ஒரே கோயிலில் ஒரே அப்பத்தை வாங்கி உண்கிறவர்கள், பந்தியில் மட்டும் ஆளை எடைபோட்டார்கள். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வீடுகளில் எந்த நல்லது கெட்டதுக்கும் அவளுடைய கால் பட்டதில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

இந்த வருடம் அவர்களிடம் பதினொரு மரங்கள் இருந்தன. காணி கனடாவில் இருக்கும் ஒருவருடையது, சீவும் உரிமை குத்தகைக்கு. மாசியில் பாளை தட்டத் தொடங்கி, சித்திரையில் பதினொன்றும் ஒரே வேகத்தில் சுரந்தன. இப்படி ஒரு வருடம் பார்த்ததில்லை என்று அருட்பிரகாசமே சொன்னார். அந்தப் பதினொரு மரமும்தான் வீட்டின் சோறு, கிருஷிகாவின் படிப்பு, அடுத்த மாரி வரைக்குமான எல்லாமும்.

அந்த நேரத்தில்தான் றொசாந்தன் வந்தான்.

றொசாந்தன் இந்தத் தீவில் பிறந்தவன். கொழும்பில் படித்துவிட்டு வந்து, தலைமன்னார்ப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு கடற்கரை விடுதியில் முகாமையாளராக இருந்தான். சனிக்கிழமைகளில் விடுதியின் முற்றத்தில் உள்ளூர் விளைபொருள் சந்தை ஒன்று தொடங்கப்போவதாகச் சொன்னான். நானாட்டான் சிவப்பரிசி, முருங்கைக்காய், வத்தகைப்பழம் என்கிற தர்ப்பூசணி, நுங்கு, காய்ந்த பனங்கிழங்கான ஒடியல், பனாட்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதையெல்லாம் விரும்புகிறார்களாம்.

"அன்ரி, உங்களுக்கு ஒரு மேசை. வாடகை ஒண்டும் வேண்டாம்."

"சும்மா ஆர் தம்பி மேசை தாறது?" என்றாள் மார்த்தா.

றொசாந்தன் சிரித்தான். "அங்கிள் வரவேணும். கள்ளு கொஞ்சம் கொண்டுவரவேணும். பின்னேரம் முற்றத்திலை நிக்கிற பனையிலை ஒருக்கால் ஏறிக் காட்டினா நல்லம். மிச்சமெல்லாம் நாங்கள் பாப்பம்."

அருட்பிரகாசம் முற்றத்து மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "சங்கத்துத் தவறணைக்குத்தானே நான் கள்ளுக் குடுக்கவேணும். அங்கை கொண்டுவாறது பிழையில்லையோ?"

"எங்களிட்டை அனுமதிப்பத்திரம் இருக்கு அங்கிள். உங்களிட்டையும் பேமிற் இருக்குத்தானே. ரெண்டும் இருக்கேக்கை ஆர் என்ன கேக்கிறது?"

அருட்பிரகாசத்தின் பேமிற், மரம் சீவிக் கள்ளை எடுத்துச் சீவல்காரர் சங்கத்தின் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, கொடுப்பதற்கானது. விடுதியின் பத்திரம், மண்டபத்துக்குள்ளே போத்தல் மதுவைப் பரிமாறுவதற்கானது. இரண்டையும் சேர்த்தாலும் முற்றத்து மேசையில் முட்டிக் கள்ளு ஊற்றுவதற்கான அனுமதி வராது. றொசாந்தனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அருட்பிரகாசத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய பேமிற்றில் அவருக்குப் புரிந்த வரி அவருடைய பெயர் மட்டும்தான். மற்றதெல்லாம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

ஓம் என்று சொன்னவள் மார்த்தா. இதை மறைக்கக் கூடாது. அவளுக்கு அந்த மேசை வேண்டும்போல் இருந்தது.

முதல் மூன்று சனிக்கிழமைகளும் அவளுடைய வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. மேலே தென்னோலைப் பந்தல். பக்கத்து மேசையில் வத்தகைப்பழம் விற்கும் ஹலீம், தன் ஓட்டோவின் பின்சீற்றைக் கழற்றிவிட்டுப் பழம் அடுக்கிக்கொண்டு வருவான். வாய் ஓயாதவன். வருகிறவர்கள் வாசலில் ஆளுக்கொரு தொகையை விடுதிக்குக் கட்டி உள்ளே வந்தார்கள். அந்தக் காசிலேயே கள்ளும் அடக்கம்.

லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை பனாட்டுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்ரி, இது என்ன, தோலா?"

"தோலில்லைப் பிள்ளை. போன வருசத்துப் பனம்பழம். பிசைஞ்சு பாயிலை ஊத்தி வெயிலிலை காயவைச்சது. ஒரு துண்டைக் கடியுங்கோ, பிறகு கதைப்பம்."

"பல்லுக் கழண்டா இந்தப் பக்கம் வாங்க," என்றான் ஹலீம். "வத்தகைப்பழத்துக்குப் பல்லுத் தேவையில்ல."

"உன்ரை பழத்துக்கு நாக்கும் தேவையில்லை, ருசி இருந்தாத்தானே," என்றாள் மார்த்தா. அந்தப் பெண்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பனாட்டு செய்வது எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். மார்த்தா ஒரு விடயத்தைச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

கள்ளு மேசையில் காலுள்ள கண்ணாடிக் கிளாசுகள் வைத்திருந்தார்கள். பின்னால் பலகையில் 'தீவின் வைன்' என்று எழுதியிருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கிளாசைச் சுழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, முதலில் புளிப்பு மணம், பின்னால் மெல்லிய தேன் மணம் என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினார்.

"அதுக்கும் பின்னாலை செத்த எறும்பு மணம்," என்று அருட்பிரகாசம் மனைவியின் காதில் சொன்னார். "வடிக்கேக்கை நீ ஒண்டை விட்டிட்டாய்."

நான்காவது சனிக்கிழமை மத்தியானம் கழிந்து இரண்டு மணியளவில் ஒரு வெள்ளை வான் வந்தது. சாதாரண உடுப்பில் நாலு பேர் இறங்கினார்கள். யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. வந்தவர்களில் ஒருவர் கள்ளு மேசைக்கு வந்து, முட்டியைக் காட்டி, கொன்னல் தமிழில் கேட்டார்.

"இது யாருடையது?"

அந்த மூன்று வாரமும் இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு அருட்பிரகாசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஆகவே அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"என்ரை ஐயா. என்ரை மரத்து, நான் சீவினது."

வந்தவர்கள் பொலிஸ். அந்தப் பதிலைத்தான் அறிக்கையில் எழுதினார்கள். றொசாந்தன் மண்டபத்துக்குள்ளிருந்து வந்து, உள்ளூர் உற்பத்தியாளருக்கு இடம் கொடுத்தது மட்டுமே தங்கள் வேலை என்றான். இடத்தில் என்ன விற்கிறார்கள் என்பது அவரவர் பொறுப்பு என்றான். மார்த்தா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் வத்தகைப்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீர்தானே கூப்பிட்டனீர்!"

"அன்ரி, இப்ப கதைச்சா இன்னும் சிக்கலாகும். அமைதியா இருங்கோ. நான் பிறகு பாக்கிறன்."

முட்டிகளையும், அருட்பிரகாசத்தின் இடுப்பிலிருந்த பாளைக்கத்தியையும் சான்றுப் பொருள் என்று எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்தார்கள். கிளாசுகளை எடுக்கவில்லை. கிளாசுகள் விடுதியுடையவை. வானில் ஏறும்போது அருட்பிரகாசம் மனைவியைத் தேடித் திரும்பிச் சூரியனைக் காட்டினார். மாலைச் சீவலுக்கு நேரமாகிறது என்று அர்த்தம்.

நிரூபன் அவர்களுடைய காணிக்கு அடுத்த காணியில் சீவுகிறவன். முப்பது வயது. தொழிலை வேறு ஊரில் பழகிவிட்டு இங்கே பெண்ணெடுத்து வந்தவன். ஹலீமின் ஓட்டோ நிற்குமுன்னே மார்த்தா குதித்து இறங்கி அவனுடைய வேலிப் படலையில் நின்றாள். அவன் மரமேறும் தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான்.

"நிரூபன், அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்கடை மரங்களிலையும் ஒருக்கால் ஏறிவிடடா."

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"ஏனடா?"

"அக்கா, அண்ணை சொல்லவேணும்."

"அவர் பொலிசிலை இருக்கிறார் எண்டுறன்!"

"அண்ணை வாயாலை சொல்லவேணும். தன்ரை கத்தியைத் தரவேணும். இல்லாமல் இன்னொருத்தற்றை பாளையிலை கை வைக்கேலாது அக்கா. நாளைக்கு மரம் வத்தினா என்னைத்தான் சொல்லுவினம்."

இது அங்குள்ள சீவல்காரரின் வழக்கம். ஒருவர் தட்டிப் பதப்படுத்திய பாளை அவருடைய கைக்குத்தான் சுரக்கும், வேறு கை பட்டால் சுருங்கிவிடும் என்று நம்புகிறார்கள். நோய் நொடிக்கு விட்டுக்கொடுப்பதென்றால் தானே வாயால் சொல்லி, தன் கத்தியைத் தன் கையால் கொடுக்க வேண்டும். கத்தியோடு கைராசியும் போகுமாம். பாளைக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. யாருடைய விரல் என்று அதற்குத் தெரிய வழியில்லை. கத்தி கூராக இருந்ததா, சீவல் மெல்லிசாக இருந்ததா, நேரத்துக்கு நடந்ததா, இவ்வளவும்தான் அதற்கு வேண்டும். ஒருகாலம் ஒருவன் இல்லாத நேரம் பார்த்து இன்னொருவன் கள்ளைத் திருடாமல் இருக்க இந்தப் பயம் உதவியிருக்கும். காவலுக்கு வைத்த பயம் பின்பு மதமாகிவிட்டது. கத்தியோ அன்று முத்திரை வைத்த பையில் கிடந்தது.

அன்று மாலை பதினொரு மரமும் சீவப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குப் பொறுப்பிலிருந்த பதில் நீதவானின் வீட்டு வாசலில் அருட்பிரகாசத்தை முன்னிறுத்தினார்கள். சுபத்திரா என்ற இளம் சட்டத்தரணி ஒருவர் காசு வாங்காமல் எழுந்து நின்றார். பிணை கிடைத்தது. மார்த்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் சுபத்திரா அவளைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். பிணை நிற்க இரண்டு பேர் வேண்டும். இருவருக்கும் நிரந்தர வருமானம் இருக்க வேண்டும். இருவரும் கிராம அலுவலரிடம் சான்றிதழ் வாங்கி, அதில் பிரதேச செயலகத்தின் ஒப்பமும் பெற்றுக் கொண்டுவர வேண்டும்.

"இண்டைக்குக் கொண்டுவரலாமோ மிஸ்?"

"இண்டைக்கு ஞாயிறு அம்மா. நாளைக்கும் நாளையிண்டைக்கும் வெசாக் லீவு. புதன்கிழமைதான் கந்தோர் திறக்கும்."

மார்த்தா விரலை மடக்கி எண்ணினாள். புதன்கிழமை காலையோடு எட்டுச் சீவல்.

பொலிஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் கணவனோடு இரண்டு நிமிடம் கதைக்க விட்டார்கள். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நிரூபனை ஏறச் சொல்லுங்கோ. ஒரு சொல்லு. ஹலீம் போனிலை பதிஞ்சுகொண்டு போய்க் காட்டுவான்."

அருட்பிரகாசம் தலையை ஆட்டினார். "பிறத்திக் கை படக்கூடாது."

"புதன்கிழமை வரைக்கும் பிணைக்கு ஒருத்தரும் வரேலாதாம். எல்லாம் காய்ஞ்சுபோம்!"

"உனக்கு இவங்கள் சொல்லுறது விளங்கேல்லை. பிணை குடுத்தாச்சு. நாளைக்கு விட்டிடுவாங்கள். ஒரு நாள் பொருக்கை நான் சீவி எடுத்திடுவன். முந்தியும் எடுத்திருக்கிறன்தானே."

"நாளைக்கு விடமாட்டாங்கள் எண்டு மிஸ் சொல்லுறா."

"அவ சின்னப்பிள்ளை." பிறகு குரலைத் தணித்தார். "மார்த்தா, கத்தியையும் எடுத்துப்போட்டாங்கள். மரத்தையும் குடுத்திட்டா எனக்கு என்னடி இருக்கு?"

ஜீப் சிறைச்சாலை இருக்கும் வவுனியாப் பக்கம் போனது. ஹலீம் ஓட்டோவின் கைபிடியில் ஓங்கிக் குத்தினான். "ஒரு மனுசனுக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது மார்த்தாக்கா. நான் பிணைக்கு நிக்கிறன் எண்டாலும், வத்தகைப்பழத்துக்கு நிரந்தர வருமானம் எண்டு எவன் எழுதித் தருவான்?"

அவர்கள் விடுதிக்குப் போனார்கள். றொசாந்தனுக்கு நிரந்தரச் சம்பளம் இருந்தது. வாசற்காவலாளி உள்ளே போய்வந்து, ஐயா விடுமுறையில் கொழும்பு போய்விட்டார் என்றார். அவனுடைய கார் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது.

அயல் பெண்கள் அன்று மார்த்தாவின் வீட்டில் கூடிச் செபமாலை சொன்னார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஐம்பத்து மூன்று தடவை மரியாயே வாழ்க என்று சொன்ன நேரத்தில் ஒருவராவது போய் நிரூபனைக் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்து வந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்த்தாவுக்குத் தோன்றியது, ஆனால் திங்கட்கிழமை. காலையில் காணிக்குப் போனாள். சுரக்கிற மரத்தடியில் இலையானும் தேனியும் இரையும், எறும்பு ஒழுங்கு கட்டி ஏறும். அன்று ஒன்றுமில்லை. பகல் முழுக்க ஒவ்வொரு மரமாகக் கீழே நின்று மேலே பார்த்தாள். பௌத்தக் கொடி கட்டிய றோட்டோரப் பந்தலிலிருந்து வெசாக் உபதேச ஒலிபரப்பின் சத்தம் வந்தது. தானம் கொடுக்கிறார்கள், வரிசையில் வாருங்கள் என்று ஒலிபெருக்கி அழைத்தது. கருணைக்குரிய நாளாம். கருணைக்காக எல்லாக் கந்தோரும் மூடியிருந்தன.

பின்னேரம் நாலரைக்கு அவள் மறுபடியும் நிரூபனின் படலையில் நின்றாள்.

"அண்ணை சொல்லிட்டார்," என்றாள்.

பொய். அவள் மனமறிந்து சொன்ன பெரிய பொய் அதுதான்.

நிரூபன் அவளை ஒரு கணம் பார்த்தான். "கத்தி?"

"கத்தியைப் பொலிஸ் வைச்சிருக்கு. உன்ரை கத்தியாலை சீவட்டாம்."

அவன் தளைநாரை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் மரத்தில் ஏறினான். மேலேயிருந்து குரல் வந்தது.

"காய்ஞ்சிட்டுது அக்கா."

"சீவிப் பார்."

"சீவுறன். உள்ளுக்கும் காய்ஞ்சுதான் கிடக்கு."

இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் சீவல் துண்டுகள் உமிபோல் உலர்ந்து கீழே வந்தன. ஏழாவது மரத்தில் நின்று, "பொறுங்கோ, இதிலை ஈரம் இருக்கு," என்று கத்தினான். மார்த்தா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் முட்டியைக் கட்டிவிட்டு இறங்கினான். பதினொன்றையும் முடித்துவிட்டு, இருள முன் திரும்ப ஏழாவதில் ஏறினான். முட்டியின் அடியில் விரல் நனைகிற அளவு இருந்தது. பாளை வெடித்திருந்தது. அதுவும் முடிந்தது.

இறங்கி வந்து மணலில் இருந்தான். கையில் இரத்தம் கசிந்தது, அதைப் பார்க்கவில்லை.

"அண்ணை சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா."

அவள் அவனுக்கு முன்னால் அப்படியே குந்தினாள். "தெரிஞ்சுகொண்டே ஏறினனீ. அப்ப சனிக்கிழமை ஏனடா ஏறேல்லை?"

"சனிக்கிழமை எனக்குப் பயமா இருந்தது." கத்தியை மணலில் துடைத்தான். "இண்டைக்கும் பயந்தான். உங்கடை முகத்தைப் பாக்கேலாமல் ஏறினனான்."

புதன்கிழமை சுபத்திராவின் சொந்தக்காரர் இருவர் பிணைக்கு வந்தார்கள். கிராம அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். ஒப்பம் இரண்டரைக்குக் கிடைத்தது. வியாழக்கிழமை காலை பஸ்ஸால் இறங்கிய அருட்பிரகாசம் வீட்டுக்கு வராமல் நேரே காணிக்குப் போனார். மார்த்தா பின்னால் ஓடினாள். அவர் இரவல் தளைநாரோடு ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினார். கடைசி மரத்திலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பாளைத் துண்டு இருந்தது.

"இது என்ரை வெட்டில்லை. ஆர் சீவினது?"

"நிரூபன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை பின்னேரம்."

அவர் அந்தத் துண்டைக் கீழே போட்டார். "அப்ப அதுதான்."

"என்ன அதுதான்? காய்ஞ்ச பிறகுதான் அவன் ஏறினவன்! முதல் மரத்திலை நிண்டே சொன்னவன். நான் கேட்டனான்!"

"நீ கீழை நிண்டனீ. உனக்கு என்ன தெரியும்."

சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை, திங்கள் காலை. நான்கு சீவல்கள் தவறிய பிறகே நிரூபனின் கை அந்தப் பாளைகளில் பட்டது. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அருட்பிரகாசம் முட்டாள் அல்ல, காற்றைப் பார்த்து நாளைய சுரப்பைச் சொல்லக்கூடியவர். ஆனால் அவரைக் கொண்டுபோனவர்கள் வானோடு போய்விட்டார்கள். றொசாந்தன் கதவுக்குப் பின்னால். மூடிய கந்தோருக்கு முகமில்லை. விடுமுறைக் கலண்டரின் சட்டையை யாராலும் பிடிக்க முடியாது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் நிரூபன் ஒருவன்தான். கோபம் அவன்மேல் இறங்கியது. இந்த நாட்டில் அநீதி எப்போதும் இப்படித்தான் தப்பிப்போகிறது. மிதிபட்டவன் பக்கத்தில் மிதிபட்டவனைப் பிடித்துக்கொள்வான்.

கதை தவறணைக்குப் போனது. நிரூபனின் கை பொல்லாத கை என்று பெயர் எடுத்துவிட்டது. ஆனி பிறக்குமுன் அவன் குத்தகையை விட்டுவிட்டு மனைவி பிள்ளையோடு வெளிக்கிட்டான். போகிற அன்று மார்த்தா படலைவரை போனாள். அவனுடைய மனைவி அவளைப் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அருட்பிரகாசம் இப்போது தலைமன்னாரில் கருவாடு காயவிடும் வாடி ஒன்றில் கூலிக்கு மீன் கிழிக்கிறார். வீட்டுக்கு வந்தால் மனைவியோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவள் சொன்ன பொய்யை அவர் மன்னிக்கவில்லை. அவர் மறுத்த ஒரு சொல்லை அவளும் மன்னிக்கவில்லை. கிருஷிகா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மேசையை மார்த்தா பிறகு ஒருநாள் போய்க் கேட்டாள். வழக்கு முடியும்வரை வரவேண்டாம் அன்ரி, விடுதியின் பெயர் கெட்டுவிடும் என்றான் றொசாந்தன். வழக்கு முடிந்தாலும் இந்த வருடத்துப் பாளை திரும்பாது. காணிக்காரர் அடுத்த வருடக் குத்தகையை வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். ஆகவே இந்தக் கதையில் திரும்பப் பெறக்கூடியது மிகக் கொஞ்சம். அவருடைய பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. குற்றம் நிரூபணமானால் பேமிற் என்றைக்கும் கிடையாது.

சந்தை இப்போதும் சனிக்கிழமைகளில் நடக்கிறது. கிளாசுகளில் எங்கோ அடைத்த போத்தல் கள்ளு. வாசற்பலகையில் அருட்பிரகாசம் மரத்தில் நிற்கும் படம் இன்னும் இருக்கிறது.

குற்றப்பத்திரத்தில் விற்றவர் என்று அருட்பிரகாசத்தின் பெயர் ஒன்றே எழுதியிருக்கிறது. விடுதி இடம் மட்டும் கொடுத்ததாம். மார்த்தாவும் ஹலீமும் சொன்னால் வேண்டியவர்கள் என்று தள்ளிவிடுவார்களாம். வாசலில் காசு வாங்கியது விடுதி என்று, காசு கட்டிய ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், சாட்சி சொன்னால் வழக்கின் போக்கு மாறும் என்கிறார் சுபத்திரா. அந்த நாலு சனிக்கிழமையும் அங்கே குடித்தவர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது. இதுவரை ஒருவரும் வரவில்லை.

அவர்களில் ஒருவர் நீங்களாக இருக்கலாம். இல்லையென்றால் உங்களுடைய அண்ணனாக, லண்டன் மச்சாளாக, கந்தோரில் பக்கத்துக் கதிரைக்காரராக இருக்கலாம். கேளுங்கள். கைத்தொலைபேசியில் தேடுங்கள், வாசற்சீட்டோ படமோ கிடக்கும். வழக்கு ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி காலை ஒன்பது மணிக்கு. மன்னார் நீதிமன்றத்துக்கு வாருங்கள். எழுந்து நின்று, காசை யாருடைய கையில் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.